கரை தெரிகிற கப்பலில்தான் வருவேன்

என் கணவர் முப்பது வருஷத்துக்கும் மேலாக டிரெய்லர் லாரி ஓட்டியவர். மாதவரத்தில் கண்டெய்னர் பெட்டியை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்கோ காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கோ போவார். கேட் திறக்கும்வரை சாலையில் வரிசையில் நிற்பார். பெட்டியை உள்ளே விட்டுவிட்டுத் திரும்புவார். அத்தனை வருஷத்தில் ஒரு கப்பலுக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. அதை ஒரு குறையாகச் சொன்னதும் கிடையாது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, வண்டியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு சாயங்காலம் சொன்னார்.

“ஒரு தபா கப்பல்ல போய்ட்டு வரணும்மே. வண்டி வித்த துட்டு கொஞ்சம் கீதுல்ல?”

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். “எந்தக் கப்பல்?” என்றேன், ஏதோ எங்கள் தெருவில் பத்துக் கப்பல் நிற்கிற மாதிரி.

“நம்ம ஹார்பர்லேந்தே கிளம்புது. ரெண்டு மூணு நாளு கடல்ல சுத்திட்டு இட்டாந்து வுட்டுடுவானாம். சோறு, ரூம்பு எல்லாம் அதுலயே.”

எனக்குப் பயம் வந்துவிட்டது. கடலை எனக்குத் தெரியாது என்றில்லை. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் நங்கூரம் போட்ட கப்பல்கள் தெரியும். கடல் எங்கள் வீட்டில் யாரையும் எடுத்துக்கொண்டதும் இல்லை. என் பயம் வேறு. அவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் எங்கள் தெருமுனைவரை வந்துவிட்டு, டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. சைரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, வண்டி மட்டும் வரவில்லை. வரிசையில் நின்ற அவருடைய கூட்டாளி டிரைவர்கள் இறங்கி ஓடி, ஒவ்வொரு டிரெய்லராக ஒதுக்கச் சொல்லி வழி எடுத்துக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து எங்கே போனாலும் என் மனசு முதலில் கேட்பது ஒன்றைத்தான்: இங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் கேட்கும், கோயிலுக்குப் போனாலும் கேட்கும். நடுக்கடலில் அந்தக் கேள்விக்கு என்ன பதில்?

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் புலம்பினேன். அவள் சொன்னாள்: “ஏம்மா, ஆத்துல போற கப்பலும் இருக்கே. சின்ன கப்பல். ரெண்டு பக்கமும் கரை தெரிஞ்சுகிட்டே இருக்கும். சாயங்காலமானா கரையோரமா கட்டிடுவாங்க.”

இரண்டு பக்கமும் கரை. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

மண்ணடியில் ஒரு பயண ஏஜென்சிக்குப் போனோம். நடத்துகிறவர் என் கணவரின் பழைய தோஸ்து. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். தேநீர் வரவழைத்துவிட்டு நேராகவே பேசினார்.

“டீச்சர், கடல் கப்பல் ரேட்டு பார்த்தா கம்மியா தெரியும். ஆனா அது உள்ள ஏறுறதுக்கு மட்டும்தான். அந்த ரேட்டுக்கு ஜன்னல் இல்லாத ரூம்பு. ஜன்னல் வேணும்னா ஒரு ரேட்டு, பால்கனி வேணும்னா இன்னொரு ரேட்டு. வரி தனி, டிப்ஸ் தனி, நெட்டு தனி. ஜூஸ் குடிச்சாலும் கார்டைத் தேய்ப்பான். கரையில எறக்கி ஊர் காட்டுனா அதுக்கும் தனி.”

“அப்ப ஆத்துக் கப்பல்?” என்று கேட்டேன்.

“அது உள்ள போகும்போதே பெருசா வாங்கிடுவான். கடல் கப்பல்ல ஒரு நாளைக்கு ஆவுற துட்டு, ஆத்துக் கப்பல்ல மத்தியானச் சாப்பாட்டுக்கே காணாது. ஆனா ஒரு தடவை குடுத்துட்டா அப்புறம் பையில கை வைக்க வேணாம். சாப்பாடு, ஊர் சுத்துறது, கூட வர்ற ஆளு எல்லாம் அதுலயே அடங்கிடும். ஆனா அந்தக் கப்பல் ஓடுறது அசாம்ல, பிரம்மபுத்திராவுல. அது வரைக்கும் ஏரோப்ளேன்ல போவணும், அது உங்க செலவு.”

“ஏன் இவ்ளோ வித்தியாசம்?” என்று கேட்டார் என் கணவர்.

“கடல்ல ஆயிரக்கணக்குல ஏத்துறான் மாமு. ஆத்துல இருபது பேரை ஏத்திட்டு, அவங்களுக்கு அதே அளவுக்கு ஆளு வெச்சிருக்கான். கட்டுப்படியாவணும்ல?”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் கணவர் கடல் கப்பலின் கணக்கைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். ஜன்னல் இல்லாவிட்டால் என்ன, நாம் தூங்கத்தானே போகிறோம். ஜூஸ் வேண்டாம், தண்ணீர் குடிப்போம். ராயபுரம் பாலம் தாண்டியதும் நான் சொல்லிவிட்டேன்: “கரை தெரியுற கப்பல்லதான் வருவேன். இல்லன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

என்னை விட்டுவிட்டு அவர் போக மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். இன்னொரு தடவை கணக்கைச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “சரிமே, ஆறுன்னா ஆறு. அதுவும் தண்ணிதானே” என்றார்.

ஜனவரியில் கிளம்பினோம். விமானச் செலவை மகள் ஏற்றுக்கொண்டாள். மாத்திரைகளை மூன்று பைகளில் பிரித்து வைத்தேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை மட்டும் என் கைப்பையிலும் அவர் சட்டைப் பையிலும் தனித்தனியாக.

பிரம்மபுத்திரா ஆறு என்றே எனக்குப் படவில்லை. நம் ஊரில் கடல் இருக்கிற அகலத்துக்கு அங்கே ஆறு கிடந்தது. ஆனாலும் கரை தெரிந்தது, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அறையில் சுவர் முழுக்க ஜன்னல். படுத்தபடியே தண்ணீரைப் பார்க்கலாம். பயணிகளில் வெளிநாட்டுக்காரர்கள் சிலர், மீதிப் பேர் எங்கள் வயசுக்காரர்கள். முதல் நாளே சமையல்காரர் என் கணவருக்கு உப்புக் குறைவாகச் சமைக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டாம் நாள் காலை பனிமூட்டம் விலகியதும் தண்ணீரில் ஒரு சாம்பல் முதுகு எழுந்து அமிழ்ந்தது. ஆற்று ஓங்கில், டால்பின். என் கணவர் சின்னப் பையன் மாதிரிக் கத்தினார். கொடுத்த காசு வீணில்லை என்று நினைத்தேன். ஒரு முழு மணி நேரம் ஆஸ்பத்திரியைப் பற்றி நினைக்காமல்கூட இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, நாஷ்டா முடிந்த நேரம், அடியில் கரகரவென்று சத்தம் கேட்டது. பெரிய வாணலியை மணல் போட்டுத் தேய்க்கிற மாதிரி. கப்பல் நின்றுவிட்டது. குளிர்காலத்தில் ஆற்றில் தண்ணீர் குறைந்து, மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்குமாம். முன்னால் ஒருவர் மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே வந்தும், திட்டில் ஏறிவிட்டது.

“ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்” என்று கப்பல் மேலாளர் இந்தியில் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டின்போதும் அதையேதான் சொன்னார். கப்பலின் ஆட்கள் நீளமான மூங்கில்களை மணலில் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை. அறைக்குப் போய்ப் படுத்தேன். எழுந்து மேல்தளத்துக்கு வந்தபோது, அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வலது உள்ளங்கை நெஞ்சின் இடது பக்கத்தில் இருந்தது.

“இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்லமே. லேசா இஸ்துகினு கீது.”

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் கொடுத்தேன். வலி அப்படியே இருந்தது. மேலாளரிடம் ஓடி, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டேன். அவர் கரையைக் காட்டினார். அவர் காட்டிய திசையில் நான் முதல் தடவையாகக் கரையை ஒழுங்காகப் பார்த்தேன். மணல்தான் இருந்தது. வீடோ ஆளோ இல்லை. வெகு தூரத்தில் மரங்கள் கோடு மாதிரி தெரிந்தன. அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் சாலை. போனில் சிக்னல் இல்லை. கப்பலில் டாக்டர் கிடையாது. ஒரு மருந்துப் பெட்டி இருந்தது, அதில் இருந்த மாத்திரைகளைவிட என் கைப்பையில் அதிகம் இருந்தன. இரண்டு பக்கமும் கரை தெரியும், தெரியும் என்று சொல்லிச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தக் கரையால் எனக்கு என்ன பிரயோஜனம் என்று யோசிக்கவே இல்லை.

அப்போது ஒரு மோட்டார் படகு போனது. திட்டுகளில் மாடு வளர்க்கிறவர்களிடம் பால் வாங்கிக்கொண்டு கரைக்குப் போகிற படகு. மேலாளர் துண்டை வீசிக் கூப்பிட்டார். எங்களைப் பால் கேன்களுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். படகுக்காரர் என் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, வழியில் அடுத்த இடங்களில் நிறுத்தாமல் நேரே ஓட்டினார். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் பேச முடியவில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன். நாடியைப் பார்க்கத் தெரியாது எனக்கு. விட மனசில்லை, அவ்வளவுதான்.

படித்துறையில் ஒரு வேன் கிடைத்தது. சின்ன அரசு ஆஸ்பத்திரி. இளம் பெண் டாக்டர் ஈசிஜி எடுத்தார், பழைய ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்தார். பிறகு என் கணவரின் விலாவில் விரலால் ஒரு இடத்தை அழுத்தினார்.

“ஐயோ!” என்று கத்தினார் என் கணவர்.

“இன்று கனமான வேலை ஏதாவது செய்தீர்களா?” என்று டாக்டர் இந்தியில் கேட்டார். துறைமுகத்து இந்தி என் கணவருக்கு நன்றாகவே வரும். ஆனாலும் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

“இன்னா பண்ணீங்க?” என்றேன்.

“பசங்க மூங்கிலு வெச்சு தள்ளிகினு கீறானுங்க. நான் குந்திகினு வேடிக்க பாக்கவா? ஒரு கை புடிச்சேன்.”

“ஸ்டென்ட் வெச்ச நெஞ்சு!”

“நெஞ்சுல புடிக்கலமே, கையிலதான் புடிச்சேன்.”

டாக்டருக்கு மொழி புரியவில்லை, ஆனால் சிரித்துவிட்டார். சதைப்பிடிப்புதான், இருந்தாலும் காலையில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போய், வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். சொந்தக் காசு போட்டு வந்த இடத்தில் கூலியில்லாமல் வேலை செய்துவிட்டு வந்து படுத்திருக்கிற மனுஷனை என்ன சொல்வது?

மறுநாள் காலை அதே பால் படகில் திரும்பினோம். கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போயிருக்கும் என்று பயந்தேன். அது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. சமையல்காரர் எங்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்; மூங்கில் தள்ளிய இளைஞர்கள் என் கணவரைச் சுற்றி நின்று தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கப்பல் மத்தியானம்தான் நகர்ந்தது. பார்க்க வேண்டிய ஊர்களில் பாதி விட்டுப்போனது. அதற்கு நிறுவனம் பணம் எதுவும் திருப்பித் தரவில்லை. ஆறு யார் கையிலும் இல்லை என்று மேலாளர் சொன்னார்.

திரும்பி வந்த பிறகு கப்பல் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாடியில் துணி காயப்போடும்போது அவர் நங்கூரம் போட்ட கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காண்பேன். நான் வந்தால், “காக்கா வந்து வடாத்த தூக்குது” என்பார்.

கோடை விடுமுறையில் நான் தனியாக மண்ணடிக்குப் போனேன்.

“கடல் கப்பல்ல டாக்டர் இருக்காரா?” இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

“இருக்காரு டீச்சர். நர்ஸ், பெட்டு, ஆக்சிஜன் எல்லாம் வெச்சிருக்காங்க. ஆனா போய்க் காட்டினா பில்லு தனி, அது கொஞ்சம் எகிறும். இன்ஷூரன்ஸ் போட்டுக்குங்க.”

முதல் தடவை வந்தபோது ஜன்னலுக்கும் ஜூஸுக்கும் என்ன விலை என்று கேட்டோமே தவிர, இதைக் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் இன்ஷூரன்ஸோடு டிக்கெட் போட்டுவிட்டேன். ஜன்னல் இல்லாத அறை. டிக்கெட்டைக் காட்டியதும் என் கணவர், “உனுக்கு பயமா இல்லியா?” என்று கேட்டார்.

“இருக்கு. அத்த விட்டுடுங்க. பேச்சு கொடுத்தா மனசு மாறிடுவேன்.”

துறைமுக கேட்டில் ஆட்டோவை நிறுத்தினார்கள். அவர் வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்தக் கேட்டுக்கு வெளியே வரிசையில் கழித்தவர். காவலர் குனிந்து, “எங்க சார் போறீங்க?” என்றார். “கப்பலுக்கு” என்று என் கணவர் மெதுவாகச் சொல்லிவிட்டு, அடையாள அட்டையை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

கப்பலில் ஏறியதும் எல்லோரும் நீச்சல் குளத்தைப் பார்க்கப் போனார்கள். நான் மருத்துவ அறையைத் தேடிப் போனேன். எங்கள் அறைக்கு இரண்டு தளம் கீழே. நர்ஸ், என்ன செய்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். லிஃப்டுக்கும் அந்த அறைக்கும் நடுவே இரண்டு தடவை நடந்து பார்த்துக்கொண்டேன்.

அந்திநேரத்தில் கப்பல் நகர்ந்தது. ராயபுரத்து மீன்பிடித் துறைமுகம், எங்கள் திருவொற்றியூர், எண்ணூர்ப் புகைபோக்கிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னதாகிப் போயின. என் போனில் சிக்னல் கோடுகள் குறைந்துகொண்டே வந்து, இல்லாமல் போயின. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காற்று பலமாக அடித்தது. எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது, பிறகு வாந்தி. ஜன்னல் இல்லாத அறையில் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் சுருண்டு கிடந்தேன். நெஞ்சு நோயாளியான அவர் என்னைத் தாங்கிப் பிடித்து லிஃப்டில் ஏற்றி, நான் முந்தின நாள் ஒத்திகை பார்த்த அதே வழியில் கூட்டிக்கொண்டு போனார். நர்ஸ் ஊசி போட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “சரியாப்பூடுமா? சரியாப்பூடும்ல?” என்று அவளை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மலையாளி, சரியாகிவிடும் என்று பொறுமையாகச் சொன்னாள். அவர் மறுபடியும் கேட்டார். கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வறண்டு போயிருந்தது. இந்த இரண்டு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது என் முகம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அந்த மயக்கத்திலும் நினைத்துக்கொண்டேன்.

“பயமா?” என்றேன்.

“இல்லியே” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ரொம்பமே” என்றார்.

அந்த ஊசிக்கு வந்த பில்லைப் பார்த்தபோது பாதி மயக்கம் தெளிந்துவிட்டது. மகளைக் கொண்டு இன்ஷூரன்ஸில் ஒரு பகுதியைப் பிறகு வாங்கினோம். மீதி எங்கள் தலையில்.

சாயங்காலம் மேல்தளத்துக்குப் போனோம். ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. சாப்பாட்டுக்கு நீண்ட வரிசை. நான் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் கரை இல்லை. நான் கைப்பிடியை விடவில்லை, கண்ணையும் மூடிக்கொள்ளவில்லை. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, “இது கப்பல் மேரியே இல்லமே, மாலு மேரி கீது” என்று அலுத்துக்கொண்டார். “இத்தினி பேர் கீறானுங்க, ஒருத்தன்கூட பேசத் தோதா இல்ல. அந்தப் பால்காரன் எப்டிப் பேசிகினு வந்தான்!”

“என்ஜின் சத்தத்துல அவர் எங்க பேசினாரு?”

“திரும்பி வரசொல்ல பேசினான். நீ தூங்கிட்டே.”

வீடு திரும்பிய பிறகும் இரண்டு நாள் சமையலறைத் தரை எனக்கு ஆடிக்கொண்டே இருந்தது. மூளையில் ஏதோ கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டேன். கடலில் போய்வந்தவர்களுக்கு அப்படி இருக்கும் என்று மகள் போனில் சொல்லி, அது தானாகவே நிற்கும்வரை நான் நம்பவில்லை.

பள்ளியில் சக ஆசிரியைகள் எது லாபம் என்று கேட்கிறார்கள். கடல் கப்பல் மலிவு, ஆனால் இறங்கும்போது நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு போயிருக்கும். ஆற்றுக் கப்பல் விலை அதிகம், ஆனால் பிறகு கையைவிட்டுப் போவது ஒன்றும் இல்லை என்று சொல்லிவைப்பேன். எது நல்லது என்று கேட்டால்தான் எங்கள் வீட்டில் சண்டை. அவர் ஆறு என்கிறார். நான் கடல் என்கிறேன். “நீ கப்பல பாக்கல, ஆஸ்பத்திரிய பாத்துட்டு வந்தே” என்று அவர் கிண்டல் செய்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

போன வாரம் மண்ணடிக்குப் போய்விட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“அந்தமானுக்கு சர்க்காரு கப்பல் போவுதாம்மே. பாட்டு கீட்டு கிடையாது. ரேட்டு ரொம்ப கம்மி. மூணு நாளு ஆவுமாம்.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “டாக்டரு கீறாராம். கேட்டுட்டேன்.”